வீட்டு இணையத்தை வெட்டினால் எது நிற்கும், எது நிற்காது?

24 மாத ஒப்பந்தம் முடியும் தறுவாயில் கோலாலம்பூர் வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சு எழுகிறது: கைப்பேசியில்தான் 'அன்லிமிடெட்' டேட்டா இருக்கிறதே, வீட்டுக்கு எதற்குத் தனியாக ஒரு பில்? 2010 மார்ச்சில் டெலிகாம் மலேசியாவின் கண்ணாடி இழை இணையச் சேவையான யூனிஃபை அறிமுகமானபோது நொடிக்கு 5 மெகாபிட் வேகத்துக்கே மாதம் 149 ரிங்கிட் கேட்டார்கள். இன்று அதைவிடக் குறைந்த பணத்துக்குப் பல மடங்கு வேகம் கிடைக்கிறது. ஆனாலும் அரசாங்கத்தின் மலிவு வாடகைக் குடியிருப்பான பிபிஆர் பிளாட்டின் மாத வாடகையே 124 ரிங்கிட் என்று இருக்கும் ஊரில், 100 ரிங்கிட் இணையக் கட்டணமும் அதன்மேல் 6 விழுக்காடு சேவை வரியும் சாதாரணத் தொகை இல்லை.

இணையம் இல்லாமல் இன்றைக்கு ஒரு நாள்கூட ஓட்ட முடியாது என்பார் ஒருவர். வெட்டிவிட்டால் பணமும் மிச்சம், பிள்ளைகளும் உருப்படும் என்பார் இன்னொருவர். வீட்டு இணையம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று இருவருமே கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கைத்தான் இங்கே போடப்போகிறோம்.

## லைன், வைஃபை, டேட்டா

பேச்சு வழக்கில் எல்லாமே 'வைஃபை'தான். முடிவெடுக்க வேண்டுமென்றால் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

1. லைன்: வெளியிலிருந்து வீட்டுச் சுவர் வரை வரும் கம்பி. புதிய இடங்களில் கண்ணாடி இழை. பழைய அடுக்குமாடிகள் சிலவற்றில் கட்டடத்தின் அடித்தளம் வரை கண்ணாடி இழை வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியே தொடரும். மாத பில் இதற்குத்தான்.

2. வைஃபை: அந்த லைனை வீட்டுக்குள் ரேடியோ அலையாகப் பரப்பும் கருவியின் வேலை. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் வைஃபை பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் நடக்காது. நிறுவனத்தை அழைப்பதுதான் வழி.

3. டேட்டா: கைப்பேசிக் கோபுரத்திலிருந்து சிம் கார்டு வழியாக வருவது. லைனோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

லைனையும் கோபுரத்தையும் பலர் பங்குபோட்டே பயன்படுத்துகிறார்கள். பங்கின் அளவில்தான் வேறுபாடு. கண்ணாடி இழையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் கொள்ளும் ஒரு கிளையைப் பொதுவாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கோபுரத்தில் அப்படி எண்ணிக்கை எதுவும் கட்டிவைத்தது இல்லை. இரவு ஒன்பது மணிக்கு அந்த வட்டாரத்தில் எத்தனை கைப்பேசி விழித்திருக்கிறதோ அத்தனையும் ஒரே அலைவரிசையில் வந்து நிற்கும். காலையில் பிளாட் லிஃப்டுக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி: லிஃப்ட் பழுதாகவில்லை, ஏறுகிறவர்கள்தான் அதிகம். பகலில் வேகம் பார்த்துவிட்டு 'போதும்' என்று லைனை வெட்டியவர்கள் இரவில் தலையில் கை வைப்பதற்குக் காரணம் இதுதான்.

5ஜி வந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் பாதி உண்மை. மலேசியாவின் 5ஜி பெரும்பாலும் ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதிகக் கொள்ளளவு உள்ளது, ஆனால் கான்கிரீட் சுவரைத் துளைப்பதில் பலவீனமானது. வரவேற்பறைச் சன்னலோரம் பிரமாதமாக இருக்கும், பின்கட்டு அறையில் 4ஜிக்கு இறங்கிவிடும். பழைய கைப்பேசிக்கு 3ஜி என்ற தப்பும் வழியும் இப்போது இல்லை. நாட்டின் இணையக் கட்டமைப்பை மேம்படுத்தும் ஜெண்டேலா திட்டத்தின் கீழ் 2021 இறுதியோடு அதை மூடிவிட்டார்கள்.

## நிமிடக் கணக்கு மாதக் கணக்கானது

1990களின் பிற்பகுதியில் டிஎம்நெட் என்ற தொலைபேசிவழி இணையச் சேவைக்கு 1515 என்ற எண்ணைச் சுழற்றித்தான் இணையத்துக்குள் போக வேண்டும். மோடம் கீச்சிடும். வீட்டுத் தொலைபேசி அடைபட்டுக் கிடக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் மின்னஞ்சலை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு கிடைத்ததும் அனுப்பிவிட்டு, வந்ததை இறக்கிக்கொண்டு உடனே துண்டிப்பார்கள். படிப்பதெல்லாம் துண்டித்த பிறகுதான். வீட்டில் இணைப்பு இல்லாதவர்களுக்கு சைபர் கஃபே. அங்கேயும் மணிக்கு இவ்வளவு என்று கணக்கு.

2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற அகன்ற அலைவரிசைச் சேவை அந்தக் கணக்கைத் தூக்கிப்போட்டது. மாதத்துக்கு ஒரு தொகை, எப்போதும் திறந்த வாசல். 2010-இல் கண்ணாடி இழை வந்து வேகத்தைக் கூட்டியது. 2018-இல் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் மொத்த விலைக்கு உச்சவரம்பு போட்ட பிறகு சில்லறை விலையும் இறங்கியது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும், அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வீடுகளும் லைன் கேட்டு வரிசையில் நின்றன.

வேகத்தைத்தான் எல்லாரும் பெரிய மாற்றமாகச் சொல்கிறார்கள். என் கணிப்பில், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் இருந்த விலை மறைந்ததுதான் அதைவிடப் பெரியது. ஒரு படம் பார்த்தாலும் பத்துப் படம் பார்த்தாலும் பில் அதேதான் என்று ஆனபின், பார்க்காத தொலைக்காட்சியும் ஓடலாம், யாரும் கேட்காத பாட்டும் ஓடலாம், கைப்பேசி தானாகவே படங்களை எங்கோ ஏற்றிக்கொண்டும் இருக்கலாம். லைனை வெட்டுகிறவர் இணையத்தை விட்டுப் போவதில்லை, அந்தப் பழைய விலையை மறுபடி வீட்டுக்குள் அழைத்து வருகிறார். நல்லதும் கெட்டதும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

## ஒரு வீட்டின் கணக்கு

செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கார் ஓட்டும் அப்பா, வீட்டில் அம்மா, படிவம் 5 படிக்கும் மகள், பாட்டி. கைப்பேசி மூன்று, தொலைக்காட்சி ஒன்று. கீழே உள்ளவை மாதிரி எண்கள்தான். உங்கள் வீட்டு எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

குறுஞ்செய்தி, வங்கி, வரைபடம், குரல் அழைப்பு: ஒரு கைப்பேசிக்கு நாளுக்கு 150 எம்பி என்றால் மூன்றுக்கும் மாதம் 13.5 ஜிபி. வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு 1 எம்பிகூட எடுக்காது. தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களோடு அரைமணி நேரம் பேசினாலும் 30 எம்பிக்குள் அடங்கிவிடும்.

இரவு தொலைக்காட்சியில் படமோ தொடரோ, இரண்டு மணி நேரம். துல்லியத் (எச்டி) தரத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை ஆகும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. ஆக மாதம் 180 ஜிபி.

காலையில் பாட்டிக்காகத் தொலைக்காட்சியில் யூடியூபைத் திறந்து பக்திப் பாடல், அரைமணி நேரம். யாரும் திரையைப் பார்ப்பதில்லை. பாட்டி பூஜை அறையில், அம்மா அடுப்படியில். ஆனால் வருவதோ படமும் சேர்ந்த காணொளி. மணிக்கு 1.5 ஜிபி என்றாலே மாதம் 22.5 ஜிபி ஆகிவிடுகிறது. அதே பாடலை எம்பி3 கோப்பாக ஒருமுறை பென்டிரைவில் போட்டுவிட்டால் 30 எம்பிக்குள் கதை முடிந்தது. மறுநாள் முதல் செலவு சுழியம். தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மை வானொலிப் பெட்டியில் வைத்தால் அந்த 30 எம்பியும் வேண்டாம்.

மகளின் இணையவழி டியூஷன், வாரம் மூன்று நாள், இரண்டிரண்டு மணி நேரம். பலர் சேர்ந்த காணொளி வகுப்பு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. மாதம் 26 ஜிபி. கைப்பேசிப் படங்கள் தானாகச் சேமிப்பகத்துக்கு ஏறுவது இன்னொரு 2.5 ஜிபி.

கூட்டினால் 244.5 ஜிபி. அதில் இரவுப் படமும் தொடரும் மட்டும் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. குடும்பத்தின் அன்றாட ஓட்டத்தைத் தாங்கும் செய்தி, வங்கி, வரைபடம், அழைப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 5.5 விழுக்காடு.

இந்தப் பட்டியலை அளவை மட்டும் வைத்துப் பார்க்காமல், 'இந்த வேலை காத்திருக்குமா' என்று கேட்டுப் பார்த்தால் மூன்று குவியலாகப் பிரியும்:

1. சின்னது, காத்திருக்காது: வங்கி ஒப்புதல், அவசரச் செய்தி, வழி காட்டும் வரைபடம், பள்ளியின் அறிவிப்பு. இதற்குக் கைப்பேசி டேட்டா தாராளம்.

2. பெரியது, காத்திருக்கும்: படம், தொடர், மென்பொருள் புதுப்பிப்பு, படங்களைச் சேமிப்பது. இதை வேலையிடத்திலோ நூலகத்திலோ இறக்கிக்கொண்டு வீட்டில் பார்க்கலாம். தரத்தைக் குறைத்தாலும் போதும்: சாதாரணத் தரம் மணிக்கு 0.7 ஜிபிதான். 180 ஜிபி 42 ஆகிவிடும்.

3. பெரியது, காத்திருக்காது: நேரலை வகுப்பு, வீட்டிலிருந்து அலுவலகக் காணொளிக் கூட்டம், நேரலையில் சேலை விற்பது, வெளியூரிலிருந்து பார்க்கும் சிசிடிவி.

வீட்டுக்கு லைன் கட்டாயம் வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது குவியல் மட்டுமே. அது உங்கள் வீட்டில் காலியாக இருந்தால், நீங்கள் மாதாமாதம் கட்டுவது பெரும்பாலும் இரண்டாவது குவியலைக் காத்திருக்க வைக்காமல் இருப்பதற்கான கூலி. கட்டுவது தப்பில்லை, பொழுதுபோக்குக்கும் விலை உண்டு. அத்தியாவசியச் செலவு என்ற தலைப்பில் அதை எழுதாமல் இருந்தால் சரி.

## கதவுக்கு ஒரு பில், தலைக்கு ஒரு பில்

லைன் கட்டணம் வீட்டுக் கதவுக்கு. உள்ளே இரண்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் தொகை மாறாது. டேட்டா கட்டணம் தலைக்கு. 106 ரிங்கிட் பில்லை நிறுத்திவிட்டு, மூன்று கைப்பேசிகளையும் 35 ரிங்கிட் திட்டத்திலிருந்து 60 ரிங்கிட் திட்டத்துக்கு ஏற்றினால் 75 ரிங்கிட் கூடுகிறது. மிச்சம் 31. நான்காவது கைப்பேசி இருந்தால் மிச்சம் வெறும் 6 ரிங்கிட். ஒரு வாரத்துக்கு டாப் அப் வாங்கினாலே அதுவும் போய்விடும். பிரிக்பீல்ட்ஸில் தனி அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞருக்குப் பொருந்தும் யோசனை, மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டுக்கு நஷ்டமாக முடியும்.

'அன்லிமிடெட்' என்ற எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பவற்றையும் படிக்க வேண்டும். பொதுவாக மூன்று இடத்தில் கட்டு போடுவார்கள்.

1. வேக வரம்பு. அளவுக்கு வரம்பு இருக்காது, வேகத்துக்கு இருக்கும். நொடிக்கு 3 மெகாபிட் என்றால், 8 பிட் ஒரு பைட் என்ற கணக்கில், மணி முழுக்க ஓடினாலும் 1.35 ஜிபிதான் இறங்கும். ஒருவர் கைப்பேசியில் படம் பார்க்கப் போதும். அதையே தொலைக்காட்சிக்கும் மடிக்கணினிக்கும் பிரித்தால் யாருக்கும் போதாது.

2. ஹாட்ஸ்பாட் வரம்பு. கைப்பேசிக்குள் அளவற்றது, மற்ற கருவிக்குப் பகிர்ந்தால் இத்தனை ஜிபி என்று தனிக் கணக்கு. லைனை வெட்டிவிட்டு ஹாட்ஸ்பாட்டை நம்பும் வீடுகள் முதலில் இடறி விழுவது இங்கேதான்.

3. நியாயப் பயன்பாட்டு விதி. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மாத இறுதி வரை வேகம் இறங்கிவிடும். கணினிப் புதுப்பிப்பு ஒன்று ஹாட்ஸ்பாட்டில் தெரியாமல் ஓடினால் ஒரே இரவில் அந்த அளவில் பெரும்பங்கைத் தின்றுவிடும். விண்டோஸில் அந்த இணைப்பை 'அளவிடப்படும் இணைப்பு' (metered connection) என்று குறித்துவைத்தால் பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கும்.

கட்டணம்தான் சிக்கல், இணையம் வேண்டும் என்கிறவர்கள் வெட்டுவதற்கு முன் பாக்கேஜ் பெர்பாடுவான் என்ற சலுகைத் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று விசாரிக்கலாம். 2023-இல் அறிமுகமான திட்டம் அது: குறைந்த வருமானக் குடும்பங்கள், பிபிஆர் குடியிருப்பாளர்கள், மாற்றுத் திறனாளிகள் போன்றோருக்கு நொடிக்கு 30 மெகாபிட், மாதம் 69 ரிங்கிட் என்று தொடங்கினார்கள். மேலே பார்த்த செந்தூல் வீட்டின் எல்லாத் தேவைக்கும் 30 மெகாபிட் போதும். கடையில் 300, 500 என்று பேசி விற்பது வேறு விஷயம்.

## கைப்பேசி டேட்டாவையும் வெட்டலாமா?

முடியாது என்பதுதான் நேர்மையான பதில். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் வழி வரும் ஒருமுறைக் கடவெண்ணை (ஓடிபி) கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு கருவி என்ற கட்டுப்பாடும் அதோடு வந்தது. அதன்படி, பணம் அனுப்ப ஒப்புதல் கொடுப்பது பதிவு செய்த அந்த ஒரே கைப்பேசியில், வங்கியின் செயலிக்குள். அதற்கு அந்த நொடியில் இணையம் வேண்டும். காய்கறிக் கடையில் டூயிட்நவ் கியூஆர் வழிப் பணம் கட்டுவது, ஊழியர் சேமநிதிக் கணக்கு, வருமான வரிப் படிவம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாமே இந்தப் பக்கம் வந்துவிட்டன. 2023 பிப்ரவரி முதல் சாலை வரியைக்கூடக் கைப்பேசியில் காட்டினால் போதும்.

இவை எல்லாமே முதல் குவியல், எம்பி கணக்கில் அற்பமானவை. ஆகவே வீட்டு லைன் இல்லாத வாழ்க்கை சாத்தியம், டேட்டாவே இல்லாத வாழ்க்கை இந்த ஊரில் ஏறக்குறைய அசாத்தியம். வயதானவர்களிடம் ஸ்மார்ட் கைப்பேசி இல்லாமல் போனால் அவர்களின் வங்கிக் கணக்கைப் பிள்ளைகளே இயக்கும் நிலை வருகிறது. அது இணைய வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை, தனிக் கட்டுரைக்கு உரியது.

## வெளியே போய் வாங்கிவருவது

இரண்டாவது குவியலுக்கு ஊரில் இடம் இருக்கிறது. ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம், மெர்டேக்கா சதுக்கத்தை ஒட்டி கோலாலம்பூர் நூலகம். இரண்டாவதற்கு மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பினாங்குக்காரர்களுக்கு ஜாலான் மஸ்ஜிட் நெகரியில் 2016-இல் திறந்த டிஜிட்டல் நூலகம். சமூக இணைய மையங்களாக அரசாங்கம் நடத்தும் நாடி மையங்களும் உண்டு. மாமாக் கடை வைஃபையும் இருக்கிறது, ஆனால் ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு எட்டு ஜிபி இறக்குவது கடைக்காரருக்கும் நமக்கும் சங்கடம்.

பட்டியலோடு போவதுதான் இதில் பழக வேண்டியது. 1515 காலத்து ஒழுங்கு திரும்ப வருகிறது: முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போய், இறக்கிக்கொண்டு திரும்புவது. எது இறக்கத் தகுந்தது என்று பார்த்தால் எழுத்துதான் முதலில் நிற்கும். மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ மின்னூல் முயற்சி 1998 முதல் இலவசமாகச் சேர்த்துவரும் தமிழ் நூல்களில் பெரும்பாலானவற்றின் கோப்பு, துல்லியக் காணொளியின் சில நொடிகள் அளவுகூட இருக்காது. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணைப்பின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலி வழியாகக் கைப்பேசியிலோ கணினியிலோ வைத்துக்கொண்டால், மகளின் வீட்டுப்பாடச் சந்தேகத்தில் பாதி இணைப்பே இல்லாமல் தீரும். கூகுள் வரைபடத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கை முழுக்கச் சேமித்துவைக்கலாம். நெரிசல் தகவல் வராது, வழி வரும்.

பொது வைஃபையில் பாதுகாப்பு பற்றிய பயம் கொஞ்சம் மிகைதான். வங்கிகள் உட்படப் பெரும்பாலான தளங்கள் தகவலைக் குறியாக்கம் செய்தே அனுப்புகின்றன. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் படித்துவிட முடியாது. இருந்தாலும் கடையின் பெயரிலேயே போலி வைஃபை திறந்து வைப்பவர்கள் உண்டு என்பதால், பணம் சம்பந்தப்பட்டதைச் சொந்த டேட்டாவில் செய்துகொள்வது நல்லது. நம் ஊரில் பணம் பறிபோவது வைஃபை வழியாக அல்ல, பெரும்பாலும் திருமண அழைப்பிதழ் என்றும் மலிவான வீட்டுவேலைச் சேவை என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பை நிறுவிக்கொள்வதால். அப்படி நடந்துவிட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997-ஐ அழைக்க வேண்டும்.

## யார் தலையில் விழுகிறது

பயன்பாட்டுக்கு விலை திரும்பியதும் வீட்டில் எது முதலில் வெட்டுப்படும்? வீணானதுதான் என்று நினைப்போம். நடப்பில், யாருக்குப் பேச வலு குறைவோ அவருடையதுதான் முதலில் போகும்.

செந்தூல் வீட்டுக்கே திரும்புவோம். லைனை வெட்டியாயிற்று. பெரிய டேட்டா திட்டம் அப்பாவின் கைப்பேசியில், வண்டி ஓட்டுவதற்கு அவருக்கு அது வேண்டும். மாலை ஆறு மணிக்கு அவர் கிளம்பும்போது வீட்டின் இணையமும் அவருடைய சட்டைப் பையில் ஏறிக் கிளம்பிவிடுகிறது. ஏழரைக்கு மகளுக்கு டியூஷன். அம்மாவின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டால் அம்மா அந்தக் கைப்பேசியோடு வெளியே போக முடியாது. டியூஷன் முடியுமுன் அளவு தீர்ந்தால் நடுவிலேயே திரை உறைந்துவிடும். ஆசிரியர் கேள்வி கேட்கும்போது ஒலி மட்டும் துண்டு துண்டாக வரும். 'பிள்ளைகள் கைப்பேசியே கதி என்று கிடக்கிறார்கள், வெட்டினால் திருந்துவார்கள்' என்று முடிவெடுத்த வீட்டில், பிள்ளையின் கேளிக்கை டேட்டாவில் அப்படியே தொடரும், பாடம்தான் அறுபடும். குறுங்காணொளிகளுக்கு வேக வரம்புகூட ஒரு தடை இல்லை. 3 மெகாபிட்டில் அவை அழகாக ஓடும்.

ஆகவே படிவம் 5 இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் பிள்ளை, பொதுப் பல்கலைக்கழக இடத்துக்கான யூபியூ விண்ணப்பத்துக்குக் காத்திருக்கும் பிள்ளை, கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடம் செய்யும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த ஆண்டு லைனைத் தொடாமல் இருப்பதே சரி என்பேன். திரைநேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ரௌட்டரிலேயே கருவிவாரியாக நேரம் குறிக்கலாம், தொலைக்காட்சியை மட்டும் பத்து மணிக்குத் துண்டிக்கலாம். மின் விசை ஒன்றை அணைத்தாலும் ஆயிற்று. பில்லை நிறுத்தித்தான் பிள்ளையைத் திருத்த வேண்டும் என்பதில்லை.

தனியாளுக்கோ, பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய தம்பதிக்கோ கதை வேறு. பட்டியல் போட்டு இறக்கிப் பார்க்கும் பழக்கம் வந்ததும், பட்டியலில் ஏறாமலே போகும் விஷயங்கள் எவை என்பது தானாகத் தெரியவரும். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் அமைப்புக்கு வீட்டில் இடம் இருக்காது. இறக்கிவைத்தது முடிந்தால் முடிந்ததுதான். அலுவலகத்தில் முழு நாளும் இணையத்தோடு இருப்பவர்களுக்கு இது இழப்பாகவே தோன்றாமல் போகலாம்.

## வெட்டுவதற்கு முன்

1. ரத்து செய்யாமல், மோடத்தின் மின் இணைப்பை மட்டும் பிடுங்கிவைத்துச் சில வாரம் இருந்து பாருங்கள். அதற்கு முன் மூன்று கைப்பேசியிலும் டேட்டா கணக்கைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று அமைப்புப் பக்கத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

2. அந்த நாட்களில் சாதாரண அழைப்பு வருகிறதா என்று கவனியுங்கள். சமிக்ஞை பலவீனமான வீடுகளில் கைப்பேசி, அழைப்புகளை வைஃபை வழியாகவே எடுத்துக்கொண்டிருக்கும். வைஃபை போனதும், இணையம் மட்டுமல்ல, தொலைபேசியே எடுக்காத அறைகள் வெளிப்படும்.

3. வீட்டுத் தொலைபேசி எண் இதே லைனில்தான் ஓடுகிறதா? கண்ணாடி இழைத் திட்டங்களில் பெரும்பாலும் அப்படித்தான். இருபது, முப்பது ஆண்டுகளாக உறவினர்களுக்கும் மருத்துவமனைக்கும் கொடுத்துவைத்த எண் லைனோடு போய்விடும். அந்த எண்ணைக் கொடுத்த இடங்களில் முதலில் மாற்றிவிடுங்கள். இணைய நிறுவனம் கொடுத்த பழைய மின்னஞ்சல் முகவரியை வங்கியிலோ வரிக் கணக்கிலோ பதிந்திருந்தால் அதையும்.

4. ஒப்பந்தம் முடியும் தேதியை பில்லிலோ நிறுவனத்தின் செயலியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வெட்டினால் அபராதம் உண்டு. இடையில் எப்போதாவது வேகம் கூட்டிக்கொண்டிருந்தால் 24 மாதம் அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணப்பட்டிருக்கலாம்.

5. மோடம், ரௌட்டர், மின்மாற்றி எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டியவையா என்று கேட்டு, கொடுத்தால் வரிசை எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கருவி வரவில்லை என்று பின்னாளில் கட்டணம் வந்தால் அந்த ரசீதுதான் பேசும்.

6. தானியங்கிக் கழிவு போட்டிருந்தால் அடுத்த இரண்டு மாதம் வங்கிக் கணக்கைப் பாருங்கள். தொகை தொடர்ந்து போனால் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணும் பதிலும், அல்லது பதில் வராததும், கையில் இருந்தால் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் கொண்டுபோகலாம்.